இருபத்து மூன்றரைக் கிலோ

மொனாஸ்திரில், கடலுக்கு முதுகு காட்டி நிற்கும் விடுதி.
நானூற்றுப் பதினேழாம் அறை.
இரண்டு கட்டில், திறக்காத ஒரு சன்னல்,
குளியலறைக் கம்பியில் காயும் ஆறு ஜோடி காலுறை,
எது எவனுடையது என்று இருவருக்கும் தெரியாது.
வாடகையில் பாதி வாஜா, பாதி நான்.
நாளை பத்தரைக்கு, ஏழாம் எண் ஆடுகளத்தில்,
எங்களில் ஒருவன் மற்றவனைப் பெட்டி கட்ட வைப்பான்.

வாஜா ஜார்ஜியாக்காரன், குத்தாய்சி.
தரவரிசை அறுநூற்று நாற்பத்தொன்று.
நான் லித்துவேனியா, எழுநூற்று எட்டு.
என் சட்டைத் தோளில் கவுனாஸ் நகரத்துப்
பல் மருத்துவர் ஒருவரின் பெயர்:
வருடத்துக்கு முன்னூறு யூரோ,
இலவசமாக அடைத்துத் தந்த ஒரு கடைவாய்ப் பல்.

நரம்பு கட்டும் எந்திரம் இருப்பது
இங்கே வாஜாவிடம் மட்டும்தான்.
துணியைக் குறைத்து அதைச் சுமக்கிறான்.
ராக்கெட்டுக்கு ஆறு யூரோ.
ஆட்டம் கைவிடும் வாரங்களில்
அதுதான் அவனுக்குச் சோறு போடுகிறது.

"எத்தனை கிலோ?" என்றான், நிமிராமல்.
வழக்கமாக இருபத்தைந்து.
"இருபத்து மூன்றரை. இரண்டு ராக்கெட்டுக்கும்."
அவன் கை ஒரு கணம் நின்றது.

ஆடாதவர்களுக்கு அது வெறும் எண்.
நரம்பைத் தளர்த்தச் சொல்கிறவன்
தன் தோளை நம்பாதவன்;
பந்து தானாகவே போய்ச் சேரட்டும் என்று
ராக்கெட்டிடம் கெஞ்சுகிறவன்.
மூன்று மாதமாக யாரிடமும் சொல்லாததை
ஒன்றரைக் கிலோவில் சொல்லிவிட்டேன்,
அதுவும் அவனிடம்.

அவன் எதுவும் கேட்கவில்லை.
இடுக்கி, இழுப்பு, முடிச்சு.
கட்டைவிரலால் மீட்டிப் பார்த்தான்.
தாழ்ந்த சுருதி.
பன்னிரண்டு யூரோவையும் எண்ணித்தான் வாங்கினான்.

காலையில் காற்று.
கோடு பார்க்க ஆளில்லை.
பந்து பொறுக்க வந்த ஒரே பையனும்
இரண்டாம் செட்டில் பள்ளிக்கூடம் போய்விட்டான்.
நீச்சல் குளத்தில் ஜெர்மன் ஓய்வூதியர்கள்
ஒலிபெருக்கிக்கு இடுப்பாட்டினார்கள்.
அந்தத் தாளத்தில் சிக்கி என் செர்வ் தடுக்கி விழுந்தது.
வாஜா எல்லாப் பந்தையும் என் பின்கைக்கே அனுப்பினான்.
நியாயம்தான்.
தெரிந்ததை மறப்பது நட்பில் சேராது.

மூன்றாம் செட், டை-பிரேக், ஐந்துக்கு ஐந்து.
அவன் நரம்பு அறுந்தது. அறுந்தும்
அந்தப் புள்ளியை அவனே எடுத்தான்.
ஆறுக்கு ஐந்து. இன்னும் ஒன்று போதும் அவனுக்கு.
பையைத் துழாவினான்;
மிச்ச இரண்டும் முந்தின வாரமே அறுந்தவை.
அடுத்தவன் ராக்கெட்டுகளோடு விடிந்திருந்தது அவன் இரவு.
நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார்.
என் இரண்டாவது ராக்கெட்டை வலைக்கு மேலே நீட்டினேன்.
யோசித்துக் கொடுக்கவில்லை.
யோசித்திருந்தால் கொடுத்திருப்பேனா, தெரியாது.

அவன் அடித்த பந்து கோட்டைத் தாண்டி
அரையடி தள்ளி விழுந்தது.
அடுத்ததும். அதற்கடுத்ததும்.
என் பயம் அவன் கைக்குப் பழக்கமில்லை.

காசுள்ளவனைப் பெரும்புள்ளி என்பார்கள்.
எனக்குக் கிடைத்தது ஒற்றைப் புள்ளி.
அதற்கும் ஆயுள் ஐம்பத்திரண்டு வாரம்;
பிறகு கணினி அழித்துவிடும்,
வலி மட்டும் என்னோடு இருக்கும்.

கைபேசியில் யாரோ ஒருவன்,
வாஜாமேல் பணம் கட்டித் தொலைத்தவன்:
கெட்ட ராக்கெட்டைக் கொடுத்து ஏமாற்றினாயாம்,
என் முழங்காலை உடைப்பானாம்.
முதல் பந்திலிருந்து கடைசிப் பந்துவரை
எங்களைப் பார்த்த ஒரே ரசிகன்.

அறையில் வாஜா
பார்க்காமலே மூன்று ஜோடி காலுறையை உருவினான்.
"அடுத்த வாரம் அந்தால்யா. அறை பிடித்துவிட்டேன்.
பாதி உன்னுது."
பெட்டியில் எல்லாம் ஏறிவிட்டது,
எந்திரம் மட்டும் கட்டில்மேல்.

"நாளைக்கு எத்தனை?"
"இருபத்தைந்து" என்றேன்.
என் முகத்தை ஒருமுறை பார்த்தான்.
முள்ளை இருபத்து மூன்றரையில் வைத்தான்.
"ஆறு யூரோ" என்றான்.